வாசற்படி ஐஸுக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு



இது நீளமான பதிவு. கோபத்தோடும் எழுதுகிறேன். ஒன்ராறியோவில் வீடு வைத்திருப்பவர்களும், பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருப்பவர்களும், அந்த பேஸ்மென்றில் குடியிருப்பவர்களும் கடைசிவரை வாசியுங்கள். ஊரிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு அக்காவோ தம்பியோ இருந்தால் அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் மார்கழி முதல் பங்குனி வரை எங்கள் ஆட்களில் யாராவது விழுகிறார்கள். மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என்று ஏதாவது முறிகிறது. நாங்கள் சூப் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "என்ன செய்யுறது, சினோ நாடு. கவனமா நடந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். எனக்குக் கோபம் வருவது அந்த வசனத்தில்தான். விழுந்தவர் கவனமாக நடந்தாரா என்று எல்லோரும் கேட்கிறோம். அந்த ஐஸை அங்கே விட்டுவைத்தவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்தக் கோபத்துக்குக் காரணம் ஒரு தங்கச்சி. பெயர் வேண்டாம். ஐம்பது கடந்தவர். எங்கள் ஆட்களில் ஒருவருடைய வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறார். ஏஜென்சி மூலம் உணவு பொதிசெய்யும் இடத்தில் இரவு வேலை. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. போன தை மாதம் ஒரு விடியற்காலை வேலை முடிந்து வந்தவர், வீட்டின் பக்கக் கதவுக்குப் போகும் ஒடுங்கிய பாதையில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கூரைப் பீலியின் குழாய் அந்தப் பாதைக்குக் குறுக்கேதான் தண்ணீரை விடுகிறது. பகலில் உருகி ஓடும் தண்ணீர் இரவில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். குடிவந்த முதல் குளிர்காலத்திலேயே அவர் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்காரர் சொன்ன பதில்: "அக்ரிமென்ற்றில சினோ வழிக்கிறது உங்கட பொறுப்பெண்டு எழுதிக் கிடக்கு, பாருங்கோ."

மூன்று மாதம் அந்தக் கையால் அவருக்கு ஒரு கோப்பை பிடிக்க முடியவில்லை. வாடகை மட்டும் மாதாமாதம் போனது. அந்த வீட்டுக்காரர் என்னிடம் படித்தவர். கெட்ட மனிதர் அல்ல. ஊர்ப் பாடசாலைக்கு ஆண்டுதோறும் காசு அனுப்புகிறவர். இந்தப் பதிவை அவர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

இனி நாங்கள் வழக்கமாகச் சொல்லும் சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

முதலாவது சாட்டு: "அக்ரிமென்ற்றில எழுதியிருக்கு."

எழுதியிருக்கட்டும். ஒன்ராறியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் கீழ் 517/06 என்று ஒரு ஒழுங்குவிதி உண்டு. வீட்டுக்கு வெளியே பொதுவாகப் பாவிக்கும் இடங்களில் ஆபத்தாகச் சேரும் பனியையும் ஐஸையும் அகற்றுவது வீட்டுக்காரரின் கடமை என்று அது சொல்கிறது. 2009இல் இதே மாதிரி ஒரு வழக்கு ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அதுவும் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த ஒரு பெண்ணின் வழக்குத்தான். அங்கேயும் "பனியை வாடகைக்காரர் வழிக்கவேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. சட்டத்துக்கு முரணான அந்த வரி செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாடகைக்காரரைக் கொண்டு பனி வழிக்க விரும்பினால், வாடகை ஒப்பந்தத்திலிருந்து பிரித்து எடுக்கக்கூடிய தனி ஒப்பந்தமாக அது இருக்கவேண்டும்; அந்த வேலைக்கு ஒரு கைம்மாறும் இருக்கவேண்டும். அப்படிச் செய்தாலும் சட்டம் வீட்டுக்காரர் மீது வைத்த பொறுப்பு அவரை விட்டுப் போகாது.

முழு வீட்டையும் ஒரே குடும்பம் வாடகைக்கு எடுத்திருந்தால் "பொது இடம்" எது என்பது வேறு கேள்வி. வீட்டுக்காரரோடு சமையலறையோ குளியலறையோ பகிர்ந்து இருப்பவர்களுக்கு அந்த வாடகைச் சட்டம் பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் அடுத்து நான் சொல்லப்போகும் சட்டம் எல்லோருக்கும் பொருந்தும்.

இரண்டாவது சாட்டு: "எங்கட றோட்டில ஒருத்தரும் உப்புப் போடுறேல்லை."

ஒன்ராறியோவில் இடம் வைத்திருப்போர் பொறுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஓர் இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர், அங்கே வருபவர்கள் நியாயமான அளவுக்குப் பாதுகாப்பாக இருக்க நியாயமான கவனம் எடுக்கவேண்டும். சட்டத்தின் சாரம் அவ்வளவுதான். இந்தச் சட்டத்தின் கீழ் கனடாவின் உச்ச நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கு இருக்கிறது. தீர்ப்பு 1991இல் வந்தது. நாட்டுப்புறத்தில் ஒரு பண்ணை வீடு. வாகனம் நிறுத்தும் இடம் முழுக்க ஐஸ். உப்பும் இல்லை, மணலும் இல்லை. வந்த விருந்தாளி விழுந்து படுகாயப்பட்டார். "இந்தப் பக்கத்தில் ஒருவரும் வாகனம் நிறுத்தும் இடத்துக்கு உப்போ மணலோ போடுவதில்லை, அது ஊர் வழக்கம்" என்பது வீட்டாரின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊரே கவனயீனமாக இருந்தால் கவனயீனம் நியாயமாகிவிடாது.

வகுப்பில் "சேர், எல்லாரும்தான் கொப்பி பண்ணினவை" என்று நீங்கள் சொன்னபோது நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். உச்ச நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

மூன்றாவது சாட்டு: "ஐஸ் கிடக்கெண்டு தெரிஞ்சுதானே நடந்தவ?"

இதற்கும் அதே 1991 தீர்ப்பில் பதில் இருக்கிறது. ஆபத்து இருப்பது தெரிந்தது என்பதாலேயே, விழுந்தால் நட்டம் கேட்கமாட்டேன் என்று அவர் ஒத்துக்கொண்டதாக ஆகாது. யோசித்துப் பாருங்கள். அந்தத் தங்கச்சிக்கு வீட்டுக்குள் போக வேறு கதவு இருக்கிறதா? விடியற்காலை உறைகுளிரில், ஐஸ் உருகும்வரை வெளியே நிற்பதா? தன் வீட்டுக்குப் போக ஒரே ஒரு பாதை உள்ளவரைப் பார்த்து "தெரிந்துதானே நடந்தாய்" என்று கேட்பது அநியாயம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். விழுந்தவரிலும் பிழை இருந்தால் நீதிமன்றம் அதைப் பார்க்கும். கோடைச் சப்பாத்தோடு நடந்தாரா, ஃபோன் பார்த்துக்கொண்டு நடந்தாரா, கைபிடியைப் பிடித்தாரா என்று கேட்டு, அவர் பங்குக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைக்கலாம். ஆனால் அவருடைய பங்கு இருக்கிறது என்பதற்காக வீட்டுக்காரருடைய பங்கு இல்லாமற் போகாது.

நான்காவது சாட்டு: "சினோ கொட்டிக்கொண்டே இருந்தா மனிசன் என்ன செய்யுறது?"

இந்தக் கேள்வி நியாயமானது. சட்டமும் பூரணத்துவம் கேட்கவில்லை. பனி பெய்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பத்து நிமிடமும் சவளோடு நிற்கச் சொல்லவில்லை. நியாயமான முறை ஒன்று வைத்திருந்தீர்களா, அதன்படி நடந்தீர்களா என்றுதான் அது கேட்கிறது. ஆகவே பனி வழித்த நாளையும் நேரத்தையும், உப்புப் போட்டதையும் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். ஃபோனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். யாராவது பொய் வழக்குப் போட்டால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் கொப்பிதான்.

விஞ்ஞான பாடத்தில் படித்ததை இங்கே பாவியுங்கள். உப்பு ஐஸைச் "சுடவைத்து" உருக்குவதில்லை; தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. அதனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையைத் தாண்டியதும் சாதாரணக் கல்லுப்பு மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். அந்தக் குளிருக்குக் கல்சியம் குளோரைட் கலந்த வகையை வாங்குங்கள், அல்லது மணல் தூவுங்கள். மணல் ஐஸை உருக்காது, ஆனால் காலுக்குப் பிடி கொடுக்கும். பனியை முதலில் தள்ளிவிட்டுப் பிறகு உப்பைப் போடுங்கள். அரை அடிப் பனிக்கு மேல் உப்பைக் கொட்டுவது காசை வீணாக்குவதுதான். எல்லாவற்றையும்விட முக்கியம், பீலிக் குழாயை நடக்கும் பாதையிலிருந்து திருப்பிவிடுங்கள். ஒரு நீட்டுக் குழாயும் அரை மணி நேர வேலையும் போதும். அந்த மணிக்கட்டு முறிந்ததற்குக் காரணம் அந்த அரை மணி நேரத்தை ஒருவர் செலவழிக்காததுதான்.

அந்தத் தண்ணீர் உங்கள் காணியைத் தாண்டித் தெரு நடைபாதைக்கு ஓடி உறைந்தாலும் கவனம். தெரு நடைபாதை நகரசபையின் பொறுப்பு என்பது பொது விதி. ஆனால் உங்கள் காணியிலிருந்து வழிந்த ஆபத்துக்கு நீங்கள் பதில் சொல்ல நேரலாம் என்று 2000ஆம் ஆண்டிலேயே மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஐந்தாவது சாட்டு: "கேஸ் போட்டா சொந்தம் அறுந்துபோகும்."

இதுதான் எங்கள் சமூகத்தில் ஆகப் பெரிய பொய். வீட்டுக்காரர் ஏன் மாதாமாதம் வீட்டுக் காப்புறுதிக்குக் காசு கட்டுகிறார்? வீடு எரிந்தால் மட்டும் கிடைப்பதற்கா? வந்த ஆள் காயப்பட்டால் கொடுக்கவேண்டிய நட்டஈடும் வழக்கமாக அதில் அடங்கும். வழக்கு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். வாதாடுவதும் காசு கொடுப்பதும் பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனி. விழுந்தவர் கேட்பது மச்சானின் சட்டைப்பைக் காசை அல்ல. ஒரு நிபந்தனை மட்டும்: பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருப்பதைக் கம்பனிக்குச் சொல்லியிருக்கவேண்டும். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம்பிடிக்க அதை மறைத்தவர்கள், விபத்து நடந்த அன்று கம்பனி கைவிரித்தால் யாரை நோவது? இன்றைக்கே கம்பனிக்கு ஃபோன் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒருவர் நியாயம் கேட்டதால் அறுந்துபோகிற சொந்தம், அவர் கை முறிந்து கிடந்தபோது என்ன செய்தது?

கோயில் நிர்வாகசபையினருக்கும் பிளாசாக் கடைக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் கிழவர்கள் வாகனத் தரிப்பிடத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கோழி மாதிரிக் கால் வைத்து வருவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே அலங்காரத்துக்குச் செலவழிப்பதில் ஒரு துளியை வாசல் உப்புக்குச் செலவழியுங்கள்.

இனி அரசாங்கத்தோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

இந்த மாகாணத்தில் காயத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் 2021 தை 29 முதல், தனியார் இடத்தில் பனியிலோ ஐஸிலோ விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் வழக்கே போடமுடியாமற் போகலாம். நோர்ம் மில்லர் என்ற மாகாண சபை உறுப்பினர் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்து 2020இல் நிறைவேறிய திருத்தம் இது. நகரசபையின் நடைபாதையில் விழுந்தால் அவகாசம் இன்னும் குறைவு, 10 நாள்தான். அங்கே சாதாரணக் கவனயீனம் போதாது. நகரசபை மிக மோசமான கவனயீனத்தோடு நடந்தது என்று காட்டவேண்டும்.

திருத்தத்துக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பனி உருகிவிடும், சாட்சி போய்விடும். ஒன்றரை வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தால் பனி வழிக்கும் ஒப்பந்தக்காரர் எப்படித் தன்னைக் காப்பாற்றுவார்? அந்தத் தொழிலுக்குக் காப்புறுதிக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது என்றார்கள். இந்தக் காரணத்தில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த 60 நாள் யாரைத் தடுக்கிறது? நேரே சட்டத்தரணியிடம் போகத் தெரிந்தவர் மூன்றாம் நாளே அறிவித்தல் அனுப்பிவிடுவார். சத்திரசிகிச்சை முடிந்து, வலி மாத்திரை போட்டு, ஆங்கிலக் கடிதம் வாசிக்கப் பிள்ளையின் லீவு நாளுக்காகக் காத்திருக்கும் அம்மாவுக்கு 60 நாள் எப்படிப் போனதென்றே தெரியாது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அது போய்த் தாக்குவது எங்களைப் போன்றவர்களை. குறைந்தபட்சம், வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் இந்த அறிவித்தல் விதியை எழுத்தில் கொடுக்கவேண்டும் என்றாவது சட்டம் சொல்லியிருக்கலாம். உங்கள் தொகுதி உறுப்பினர் பொங்கல் விழாவுக்கு வந்து பொன்னாடை போர்த்திக்கொள்ளும்போது இதைக் கேளுங்கள்.

அந்தத் தங்கச்சியின் விஷயம் என் காதுக்கு வந்தபோது 70 நாள் கடந்திருந்தது. அதற்கு முன் அவரிடம் போனவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "விடுங்கோ, எங்கட ஆக்கள்."

ஆகவே, விழுந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இதை ஒரு தாளில் எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். முதலில் வைத்தியரிடம் போங்கள். எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள். அன்றைக்கே, ஐஸ் உருகுமுன் அந்த இடத்தை யாராவது படம் எடுக்கட்டும். போட்டிருந்த சப்பாத்தை எறியாதீர்கள். கண்டவர்களின் பெயரையும் ஃபோன் நம்பரையும் குறித்துவையுங்கள். பிறகு திகதி, நேரம், இடம் மூன்றையும் எழுதி, நட்டஈடு கேட்கப்போகிறேன் என்ற அறிவித்தலை வீட்டுக்காரருக்கோ பனி வழிக்கும் ஒப்பந்தக்காரருக்கோ நேரில் கொடுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவையும் வாயால் சொன்னதையும் நம்பி இருக்காதீர்கள். விழுந்த இடம் தனியார் காணியா நகரசபையினதா என்று தெரியாவிட்டால் 10 நாளுக்குள் இரண்டு பக்கத்துக்கும் அனுப்புங்கள்.

60 நாள் கடந்துவிட்டாலும் உடனே கைவிடாதீர்கள். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்து, எதிர்த் தரப்பின் வாதத்துக்கு அதனால் பாதிப்பும் இல்லை என்று நீதிபதி கருதினால் வழக்கை அனுமதிக்கலாம். காயத்தால் ஒருவர் இறந்துவிட்டால் அறிவித்தல் இல்லை என்பது தடையே இல்லை. காய வழக்குச் சட்டத்தரணிகள் பலர் முதல் சந்திப்புக்குக் காசு வாங்குவதில்லை. இந்தப் பதிவை மட்டும் நம்பாமல் அவர்களிடம் போய்க் கேளுங்கள். வாத்தியார் சட்டத்தரணி அல்ல.

"கேட்டா வீட்டை விட்டு எழுப்பிப்போடுவினம்" என்று பயப்படுபவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வாடகைக்காரர் தன் சட்ட உரிமையைக் கேட்டதற்காகத்தான் எழுப்புகிறார்கள் என்று தெரிந்தால், வாடகை வாரியம் அந்த விண்ணப்பத்தை மறுக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

கடைசியாக அந்த வீட்டுக்காரத் தம்பிக்கு. நாள் கடந்துவிட்டது, இனி தப்பிவிட்டேன் என்று நீ நினைக்கலாம். சட்டம் ஒரு கதவைச் சாத்தியிருக்கலாம். உன் கையை ஒன்றும் கட்டிப்போடவில்லை. அந்த மூன்று மாத வாடகையைத் திருப்பிக் கொடு. உன் காப்புறுதிக் கம்பனிக்கு நடந்ததை நடந்தபடி சொல். அக்ரிமென்ற்றில் அந்த வரியை வெட்டு. பீலிக் குழாயைத் திருப்பு. ஊர்ப் பாடசாலைக்கு நீ அனுப்பும் காசுக்கு நன்றி; அதோடு உன் வீட்டுப் பக்கக் கதவடிக்கு ஒரு மூட்டை உப்பும் வாங்கு.

மற்றவர்கள், என்னோடு உடன்படாவிட்டால் கீழே எழுதுங்கள், பதில் தருவேன். "மாஸ்ரர் எங்கட ஆக்களையே காட்டிக்கொடுக்கிறார்" என்று எழுத நினைப்பவர்களும் தாராளமாக எழுதுங்கள். விழுந்தவரும் எங்கட ஆள்தான் என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

இன்றிரவு மீண்டும் உறையும் என்கிறார்கள். படுக்கப் போகுமுன் ஒருக்கால் வாசலைப் போய்ப் பாருங்கள்.